வேண்டாம் என்ற வீட்டுக்கு வந்த மீட்டர்

மின்வாரிய லைன்மேன் மலைக்கொழுந்து ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு உள்ளே வராமல் கேட்டுக்கு வெளியிலேயே நின்றார். கேட்டில் கம்பி போட்டுக் கட்டியிருந்த அட்டையை, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி எழுத்துக் கூட்டி, தெரு முழுக்கக் கேட்கிற குரலில் படித்தார். "இந்த வீட்டில்... ஸ்மார்ட் மீட்டர் பொருத்த... அனுமதி இல்லை." பிறகு கையிலிருந்த தாளைப் பார்த்தார். "அம்மா, அமலோற்பவம் நீங்கதானே? எழுதிக் கொடுத்ததும் நீங்கதானே? போர்டு வேற மாதிரி சொல்லுதே!"

"மெதுவாப் பேசுங்க. முதல்ல உள்ள வாங்க," என்றாள் அமலோற்பவம்.

அந்த அட்டையை எப்படி மறந்தாள் என்று அவளுக்கே புரியவில்லை. காலையிலிருந்து ஒவ்வொன்றாக யோசித்துத்தான் வைத்திருந்தாள். திருச்சியில் சித்திரை மாதம் மதியம் இரண்டே கால் மணிக்கு விழித்திருப்பவர் யாரும் இல்லை, நாய்கூடக் காருக்கு அடியில் போய்ப் படுத்துவிடும், ஆகவே அந்த நேரத்துக்குத்தான் வரவேண்டும் என்று செக்‌ஷன் ஆபீசில் சொல்லிவிட்டு வந்திருந்தாள். ஸ்டூலைத் துடைத்து மீட்டர் பெட்டிக்குக் கீழே போட்டாள். கேட் கிறீச்சிடக் கூடாது என்று கீலுக்குத் தேங்காயெண்ணெய்கூட விட்டாள். விட்ட கைக்கு ஒரு சாண் தள்ளித்தான் அட்டை தொங்கியிருக்கிறது. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது இதுதான் போலிருக்கிறது. மற்ற நாற்பத்து மூன்று வீட்டு அட்டைகளில் எது சாய்ந்திருக்கிறது, எதை மழை நனைத்தது, எதில் பால்காரர் கணக்கு எழுதி வைத்தார் என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வாள். வாசகம் அவளுடையது. அச்சுக்குக் கொடுத்தது அவள். வீடு வீடாகப் போய்க் கம்பி முறுக்கிக் கட்டியதும் அவள். இப்போது அதைக் கழற்றலாமா? கழற்றினால், எதிர்வீட்டு ரங்கபாஷ்யம் மூன்றரைக்கு எழுந்து வாசலுக்கு வந்ததும் அவர் கண்ணில் முதலில் படுவது அட்டை இருந்த இடத்து வெறுமைதான். கழற்றாவிட்டால் அட்டை பொய். இருக்கட்டும், ஒரு மணி நேரம் பொய்யாகவே இருக்கட்டும் என்று அவள் தீர்மானிப்பதற்குள் மலைக்கொழுந்து ஸ்டூலில் ஏறிவிட்டிருந்தார். "மெயினை ஆஃப் பண்றேம்மா!" என்று கத்தினார். இருபது வருஷம் கம்பத்து உச்சியிலிருந்து கீழே நிற்கிறவனோடு பேசிப் பேசி அந்தக் குரலுக்குக் கீழே இறங்கத் தெரியாமல் போயிருக்க வேண்டும்.

மின்விசிறி இரண்டு சுற்று யோசித்துவிட்டு நின்றது. ஃப்ரிட்ஜ் தோளைக் குலுக்கிக்கொண்டு அடங்கியது. இத்தனை நாளும் வீடு இவ்வளவு பேசிக்கொண்டிருந்ததா என்று இருந்தது. இப்போது எதிர்வீட்டு மின்விசிறியின் கடகடப்பு இங்கே கேட்டது, அப்படியானால் இங்கே கேட்பது அங்கேயும் கேட்கும். மலைக்கொழுந்து பழைய மீட்டரின் முகத்தைத் துணியால் துடைத்தார். கறுப்பு உடம்பு, கண்ணாடி, கண்ணாடிக்குள் அலுமினிய வட்டு, வட்டின் விளிம்பில் ஒரு சிவப்புக் கோடு. அந்தக் கோடு இடது ஓரத்தில் நின்றே போய் இன்றோடு பதினேழு நாள். அவள் அதைக் கண்டுபிடித்தது ஒரு செவ்வாய்க்கிழமை, மிக்சியில் தேங்காய் ஓடிக்கொண்டிருந்தபோது. விளக்கு எரிகிறது, மிக்சி ஓடுகிறது, வட்டு மட்டும் அசையவில்லை. பெண்கள் பள்ளிக்கூடத்து இயற்பியல் லேபில் முப்பத்து நான்கு வருஷம் உதவியாளராக இருந்தவள் அவள். கால்வனோமீட்டர் முள்ளுக்கு முன்னால் குனிந்து நிற்கிற எத்தனை பாவாடை தாவணிகளிடம், பிறகு எத்தனை சுடிதார்களிடம், "முள் அசையலைன்னா அது சும்மா இல்லை, பொய் சொல்லுது" என்று சொல்லியிருப்பாள்! ஆனால் அந்தச் செவ்வாய்க்கிழமை, மறைக்காமல் சொல்வதென்றால், முதலில் வந்தது சந்தோஷம்தான். இஸ்திரிப் பெட்டியை எடுத்தாள். ஒரு புடவை தேய்த்துவிட்டு வந்து பார்த்தாள், கோடு அசையவில்லை. நாலு புடவை, அசையவில்லை. பிறகு ஒரு வெறியில் தலையணை உறை, படுக்கை விரிப்பு, கைக்குட்டை, கரித்துணி வரைக்கும் தேய்த்தாள். கரித்துணியை மடித்து வைத்தபோது சிரிப்பு வந்தது, வாய்விட்டே சிரித்தாள், ஐம்பத்தொன்பது வயதில் ஒரு திருட்டு மாங்காய். ஆனால் ராத்திரி அந்த விறைப்பான விரிப்பில் படுத்தால் தூக்கம் வரவில்லை. ஏழாம் கட்டளை, களவு செய்யாதிருப்பாயாக. கரண்ட் களவா? எடுத்தது நான் இல்லையே, அது தானாக வருகிறது. தானாக வந்தாலும் வருவது தெரிகிறதே. தெரிந்து எட்டு நாள் இருந்தாள். ஒன்பதாம் நாள் ஆபீசுக்குப் போய், ஓடாத மீட்டர் பற்றித் தன் கையாலேயே எழுதிக் கொடுத்தாள். அங்கே மேஜையில் இருந்த பையன் தாளைப் படித்துவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தான். மீட்டர் வேகமாக ஓடுகிறது என்று எழுதிக்கொடுக்கத்தான் ஜனங்கள் வருவார்கள், ஓடவில்லை என்று சொல்ல யார் வருகிறார்கள்! "பழைய மாடல் ஸ்டாக்ல இல்லை மேடம். போட்டா ஸ்மார்ட் மீட்டர்தான்," என்றான். "சரி," என்றாள். அந்த ஒற்றைச் சொல்லைச் சொல்லிவிட்டு வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றபோது, நாற்பத்து மூன்று வீட்டுக் கதவும் வரிசையாகச் சாத்திக்கொள்கிற சத்தம் அவள் காதில் கேட்டது.

"அம்மா, டார்ச்சை இந்தப் பக்கம் காட்டுங்க. வெளிச்சம் வாசல் பக்கம் போகுது!"

"இதோ."

டார்ச்சைத் திருப்பினாள், கண் மட்டும் வாசலிலேயே இருந்தது. நாற்பத்து மூன்று வீடு. இந்தத் தெருவுக்கு வந்து பதினோரு வருஷம், அதில் பத்தே முக்கால் வருஷம் அவளுக்கு இங்கே யாரையும் தெரியாது. பச்சைக் கேட் வீடு, முருங்கை மர வீடு, ராயல் என்ஃபீல்டு வீடு என்று மட்டும் தெரியும். அவர்களுக்கும் அவள் 'கடைசி வீட்டம்மா'தான். கல்யாணம் என்பது இரண்டொரு தடவை பக்கத்தில் வந்து, கையைக் காட்டியும் நிற்காத பஸ் மாதிரிப் போய்விட்டது. அதில் அவளுக்குப் பெரிய வருத்தம் ஒன்றும் கிடையாது. பள்ளிக்கூடம் இருந்தவரை தெரு தேவைப்படவுமில்லை. ஓய்வு பெற்ற பிறகுதான் பகல் என்பது இவ்வளவு நீளமா என்று பார்த்தாள். பிறகு ஜனவரியில் ஒரு நாள் தபால்காரர் ரங்கபாஷ்யத்தின் கடிதத்தை இவள் பெட்டியில் போட்டுவிட்டுப் போனார். அதைக் கொடுக்கப் போன இடத்தில் மாடியில் பத்துப்பேர் கூடியிருந்தார்கள், புது மீட்டர் வரப்போகிறது என்று ஒருவரோடொருவர் கத்திக்கொண்டிருந்தார்கள். வெடிக்கும் என்றார் ஒருவர். கேன்சர் வரும் என்றார் இன்னொருவர். அவளால் தாங்க முடியவில்லை. கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டே, மீட்டர் என்றால் என்ன, எப்படி ஓடுகிறது, அதற்குள் சிம் கார்டு எதற்கு என்று பத்து நிமிஷம் சொன்னாள். வெடிக்காது, கேன்சரும் வராது, ஆனால் அரை மணிக்கு ஒரு தடவை நம் வீட்டில் எவ்வளவு ஓடியது என்று எழுதி அனுப்பிக்கொண்டே இருக்கும் என்றாள். "அதாவது நாம எப்ப தூங்குறோம், எப்ப எழுந்திருக்கோம், எப்ப ஊருக்குப் போறோம் எல்லாம் எவனுக்கோ தெரியும்ங்கிறீங்க!" என்று ரங்கபாஷ்யம் எழுந்து நின்றார். தபால் இலாகாவில் கடிதங்களை ஊர்வாரியாக அடுக்கும் சார்ட்டிங்கில் இருந்தவர், பிறர் கடிதத்தைப் பிரிப்பவனைப் போன்ற பாவி உலகத்தில் கிடையாது அவருக்கு. "மிஸ், நீங்கதான் இதை எடுத்து நடத்தணும்," என்றார். அவர் மனைவி குமுதவல்லி காப்பித் தட்டைக் கொண்டுவந்தபோது முதல் டம்ளரை இவளிடம் நீட்டினாள். முதல் டம்ளர்! பள்ளிக்கூடத்து ஸ்டாஃப் ரூமில் லேப் உதவியாளருக்கு வருவது எப்போதும் கடைசி டம்ளர். அதுவும் ஆறிப்போய், ஆடை படிந்து.

அங்கே ஆரம்பித்தது. ஒரு ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒவ்வொரு வீடாக ஏறினாள். பச்சைக் கேட்டுக்குப் பின்னால் பாத்திமுத்து என்று ஒருத்தி இருந்தாள், நன்னாரி சர்பத் கலந்து கொடுத்துவிட்டுத் தன் நாத்தனார் கதையை முழுக்கச் சொன்னாள், கையெழுத்து வாங்க ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. முருங்கை மர வீட்டில் ஊஞ்சல் இருந்தது, உட்காருங்க மிஸ் என்றார்கள், உட்கார்ந்து ஆடினாள். செவ்வாயும் வெள்ளியும் ஆறு மணிக்கு ரங்கபாஷ்யத்தின் மாடியில் கூட்டம். குமுதவல்லி செய்கிற போண்டாவுக்காகவே வருகிறவர்கள் உண்டு, அவர்களையும் அவள் உறுப்பினராகச் சேர்த்தாள். இப்போது தெருவில் இறங்கினால் வீடு திரும்ப முக்கால் மணி நேரம் ஆகிறது, ஒவ்வொரு வாசலிலும் ஒரு வார்த்தை. இதெல்லாம் எதனால்? மீட்டரால். வராத மீட்டரால். அப்படியானால் அந்த மீட்டரை அவள் எதிர்த்தாளா, இல்லை அதற்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தாளா? இந்த இடத்தில் வந்து அவள் யோசனை எப்போதும் முள்ளில் மாட்டிய புடவைத் தலைப்பு மாதிரி நின்றுவிடும், இழுத்தால் கிழியும். மெதுவாக எடுத்துப் பார்த்தாள். நிஜமாகவே அவளுக்குப் பயம் இருந்ததா? இருந்தது. ஆனால் மாடியில் சொன்ன பயம் அல்ல. ஒரு ராத்திரி படுத்துக்கொண்டே, தன் வீட்டைப் பற்றி அந்த மீட்டர் என்ன எழுதும் என்று கற்பனை செய்தாள். ஒரு ஃப்ரிட்ஜ், ஒரு மின்விசிறி, ஒரு விளக்கு. கட்டம் போட்ட தாளில் இடமிருந்து வலமாக ஒரு நேர்கோடு. காலையில் மிக்சிக்கு ஒரு சின்ன முனை. பிறகு கோடு, கோடு, கோடு. எங்கேயோ ஓர் ஆபீசில் யாரோ அதைப் பார்த்து, "இந்த வீட்ல ஆள் இருக்காங்களா, பூட்டிக் கிடக்கா?" என்று கேட்பார்கள். மற்றவர்களுக்கு ரகசியம் வெளியே போய்விடுமோ என்று பயம், அவளுக்கு ரகசியமே இல்லை என்பது வெளியே போய்விடுமோ என்று பயம். இதை யாரிடம் சொல்ல முடியும்? கூட்டத்தில் சொன்னால் போண்டாவைக் கையில் வைத்துக்கொண்டு எல்லோரும் அவளைப் பரிதாபமாகப் பார்ப்பார்கள், அதைவிட வேறு வினை வேண்டாம்.

"ஏங்க, இந்த கிராஃப் கிராஃப்னு சொல்றாங்களே, அதை யாரு பார்ப்பாங்க?" என்று திடீரென்று கேட்டுவிட்டாள்.

மலைக்கொழுந்து வாயில் இரண்டு திருகாணியைக் கடித்திருந்தார். எடுத்துவிட்டுச் சொன்னார். "யாரும்மா உட்கார்ந்து பார்க்கப் போறாங்க? என் வீட்லயும் இதேதான் மாட்டியிருக்கேன். போன்ல வரும், கோடு கோடா. பாருடின்னு பொண்டாட்டிகிட்டக் காட்டினேன். என் மூஞ்சியையே அவ பார்க்கிறதில்லை, கோட்டையா பார்ப்பா!" என்று தன் நகைச்சுவைக்குத் தானே பெரிதாகச் சிரித்துவிட்டு, பேட்டரி டிரில்லைச் சுவரில் வைத்து அழுத்தினார்.

ஐயோ. அந்தச் சத்தத்தை அவள் கணக்கில் வைத்திருக்கவில்லை. வெயிலில் மயங்கிக் கிடந்த தெருவை நெடுக்காகக் கிழித்துக்கொண்டு போயிற்று அது. எதிர்வீட்டு மின்விசிறியின் கடகடப்பு அதில் மூழ்கிப் போனது, திரும்ப வந்தபோது கூடவே கட்டில் முனகுகிற சத்தமும் வந்ததா, அல்லது அவளுக்குத் தோன்றியதா? சுவரிலிருந்து செங்கல் பொடி உதிர்ந்து அவள் புடவையில் விழுந்தது. பரவாயில்லை, நன்றாகத் தேய்த்த புடவை, களவுக் கரண்டில் தேய்த்தது, விழட்டும். ரங்கபாஷ்யம் வந்தால் என்ன சொல்வது? வாக்கியங்களை அடுக்கிப் பார்த்தாள். 'கட்டாயப்படுத்திட்டாங்க சார்' என்பது பொய். 'தற்காலிகமா மாட்டுறாங்க' என்பதும் பொய். 'எதிரியைப் பக்கத்துல வச்சு ஆராயலாம்னு' என்பது கேட்க நன்றாக இருந்தது, சொல்லும்போதே சிரிப்பு வந்துவிடும். செய்முறைத் தேர்வில் வாய்மொழிக் கேள்விக்கு நடுங்குகிற பெண்களின் முகம் நினைவுக்கு வந்தது. அவர்களிடம் அவள் ரகசியமாகச் சொல்வது ஒன்றே ஒன்றுதான். தெரியாததைத் தெரியாதுன்னு சொல்லு, எடுத்த ரீடிங்கை எடுத்தபடி சொல்லு.

பழைய மீட்டர் இறங்கியது. சுவரில் அது இருந்த இடம் மட்டும் பழைய சுண்ணாம்பு நிறத்தில் தெரிந்தது. புதியது ஏறியது, வெள்ளையாக, கையடக்கமாக. சீல் வைத்தார். மெயினைத் தட்டினார். மின்விசிறி ஒரு பெருமூச்சோடு சுற்ற ஆரம்பித்தது, புது மீட்டரின் நெற்றியில் குன்றிமணி மாதிரி ஒரு சிவப்பு விளக்கு விட்டுவிட்டு மினுங்கியது. முள் அசைகிறது என்று அவள் மனசு தன்னிச்சையாகச் சொல்லிக்கொண்டது. பதினேழு நாளாகத் தோளில் இருந்த ஏதோ ஒன்று இறங்கிவிட்டது. முடிந்தது, இந்த ஆளை அனுப்பிவிடலாம், மணி மூன்றுகூட ஆகவில்லை.

"வெளிய வாங்கம்மா. போட்டோ எடுக்கணும்."

"என்ன போட்டோ?"

"வீட்டு முன்பக்கம், கேட்டோட, வீட்டுக்காரங்க நின்னாப்ல. அது ஏத்தினாத்தான் வேலை முடிஞ்சதுன்னு காட்டும்." அவர் ஏற்கெனவே நடுத்தெருவுக்குப் போய்ப் போனைத் தூக்கிப் பிடித்திருந்தார். "போர்டு விழுதும்மா! 'அனுமதி இல்லை'ன்னு நல்லாத் தெளிவா விழுது! இதை ஏத்தினா என் வேலைக்கு வேட்டும்மா! அதைக் கொஞ்சம் திருப்பி வைங்களேன்!"

அவள் அட்டையைத் திருப்பினாள். கம்பி முறுக்கு விடவில்லை, அட்டை திரும்பவும் சுழன்று முன்பக்கமே வந்தது. மறுபடி திருப்பிப் பிடித்துக்கொண்டாள். "இந்தப் பக்கம் பாருங்கம்மா! கொஞ்சம் சிரிங்க!" என்றது அந்தக் குரல். அப்போதுதான் எதிர்வீட்டுக் கதவு திறந்து, பனியனும் வேட்டியுமாக, ஒரு கன்னத்தில் பாய் அச்சோடு, ரங்கபாஷ்யம் வாசலில் வந்து நின்றார். போனைப் பார்த்தார். மலைக்கொழுந்தின் பையிலிருந்து தலைநீட்டிய பழைய மீட்டரைப் பார்த்தார். அட்டையை இரண்டு கையாலும் மறைத்துப் பிடித்தபடி, படத்துக்காகச் சிரித்துக்கொண்டிருந்த அமலோற்பவத்தைப் பார்த்தார்.

அடுக்கி வைத்திருந்த வாக்கியம் ஒன்றும் வரவில்லை. "வட்டு நின்னுபோச்சு சார்," என்றாள். "நானேதான் போய் எழுதிக் கொடுத்தேன்."

"நீங்களேவா?"

"எட்டு நாள் பொறுத்துப் பார்த்தேன். ஓசிக் கரண்ட்டு. தூக்கம் வரலை. பழசு கிடையாது, இதுதான்னாங்க. சரின்னுட்டேன்."

ரங்கபாஷ்யம் தெருவைத் தாண்டி வந்தார். கொதிக்கிற தாரில் வெறுங்காலோடு குதித்துக் குதித்து வந்ததால் அந்தக் கோபம் அவர் நினைத்த அளவுக்கு வந்து சேரவில்லை. "நாற்பத்து மூணு வீட்டுக்கு என்ன பதில் சொல்றது மிஸ்?"

"நடந்ததைத்தான் சொல்லணும். நானே சொல்லிடறேன். நீங்க வேற யாரையாவது பார்த்து நடத்துங்க. இனிமே செவ்வாய் வெள்ளி நான் வர்றது மரியாதை இல்லை."

ரங்கபாஷ்யம் சுட்ட காலை மாற்றி மாற்றி ஊன்றினார். அந்த முகத்தில் கோபம் வடிந்து வேறொன்று வந்தது. அமலோற்பவத்துக்கு அது சட்டென்று புரிந்தது, ஏனென்றால் ஒன்பது நாளாகக் கண்ணாடியில் அவள் பார்த்துவந்த முகம் அது. "அப்போ இன்னிக்கு மீட்டிங்?" என்று அவர் தாழ்ந்த குரலில் கேட்டார். "இன்னிக்கு வெள்ளிக்கிழமை இல்லையோ?" பிறகு வீட்டுப் பக்கம் திரும்பிக் கத்தினார். "குமுதா! மிஸ் இனிமே மீட்டிங் வரமாட்டேங்கிறா!"

"யாரு சொன்னா?" என்று உள்ளிருந்து குரல் முதலில் வந்தது, பின்னால் குமுதவல்லி வந்தாள், கையில் ஈர மாவு. "நான் உளுந்து அரைச்சாச்சு. படி உளுந்து. அதை நீங்க ஒருத்தரே தின்னுடுவேளா?" அவள் தெருவைக் கடந்து, கணவரையும் மலைக்கொழுந்தையும் கேட்டையும் தாண்டி, நேராக உள்ளே போய் மீட்டருக்கு முன்னால் நின்றாள். "இதுக்குத்தானா மூணு மாசமா இந்த மனுஷன் ரத்தக்கொதிப்பை ஏத்திண்டார்? டிபன் டப்பாவாட்டம் இருக்கு!" சுற்றிலும் பார்த்தாள். "வீடு எவ்வளவு குளுமையா இருக்கு மிஸ். எதிர்லயே இருந்துண்டு இத்தனை வருஷத்துல நான் உள்ளே வந்ததே இல்லை பாருங்கோ. எங்க மாடி ஆறு மணிக்கும் தணல். இன்னிக்கு இங்கேயே வச்சுக்கலாமே?"

"இங்கேயா?" அமலோற்பவம் தன் கூடத்தைப் பார்த்தாள். இரண்டு நாற்காலி. அதில் ஒன்றில் செய்தித்தாள் கட்டு. "வந்து என்ன பேசுறது? நானே மாட்டிக்கிட்டு நிக்கிறேன்."

"அதைத்தான் பேசணும்," என்றார் ரங்கபாஷ்யம். அவருக்குக் குரல் திரும்பியிருந்தது. "நாளைக்கு எல்லா வீட்டுக்கும் வரத்தான் போறது. வந்தா நாம என்னென்ன கேட்டு வாங்கணும், எதுக்குக் கையெழுத்துப் போடக் கூடாது, யாரு எடுத்துச் சொல்றது? பார்த்தவா நீங்க ஒருத்தர்தானே. முதல்ல எல்லாரும் உங்களைத் திட்டுவா. ஒரு பத்து நிமிஷம். நானும் திட்டுவேன். அப்புறம் ஆரம்பிக்கலாம்."

மலைக்கொழுந்து இடையில் புகுந்தார். "சார், கொஞ்சம் தள்ளுங்க, போட்டோ இன்னும் எடுக்கலை." அட்டையை ஒருவழியாக முறுக்கு அவிழ்த்துக் கழற்றிவிட்டு அமலோற்பவம் நின்றாள். குமுதவல்லியும் தலையைச் சரிசெய்துகொண்டு பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள். வீட்டுக்காரங்க மட்டும் போதும்மா என்று சொன்னதை அவள் காதில் வாங்கவில்லை. படம் விழுந்தது. ஸ்கூட்டர் போயிற்று. ரங்கபாஷ்யம் தம் வீட்டிலிருந்து இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளைத் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு, இந்த முறை செருப்போடு, தெருவைக் கடந்து வந்தார். மறுபடி போனார். ஆறு நாற்காலி, பத்து, பன்னிரண்டு. அமலோற்பவம் செய்தித்தாள் கட்டைத் தூக்கிப் பரணில் போட்டாள், கூடத்து விளக்குகளைப் போட்டுப் பார்த்தாள், எரியாமல் கிடந்த மூலைக் குழல் விளக்கு இரண்டு தட்டுத் தட்டியதும் எரிந்தது. பால் எவ்வளவு இருக்கிறது, சர்க்கரை போதுமா, பாத்திமுத்துவுக்குச் சர்க்கரை போடக் கூடாது, யாருக்கு முதல் டம்ளர் கொடுப்பது என்று மனசு எங்கெங்கோ ஓடிற்று. டம்ளர்! அலமாரியைத் திறந்தால் நாலே நாலு டம்ளர். வாசலுக்கு ஓடிவந்தாள். குமுதவல்லி அதற்குள் தன் வீட்டுப் படியேறிக்கொண்டிருந்தாள். மணி மூன்றே கால்தான், தெரு இன்னும் கண்மூடிக் கிடந்தது. அவள் அதை நினைக்கவே இல்லை.

"குமுதா! டம்ளரும் எடுத்துட்டு வாங்க! நாற்பத்து நாலு!" என்று தொண்டை கிழியக் கத்தினாள்.

முருங்கை மர வீட்டில் ஒரு ஜன்னல் திறந்தது. பச்சைக் கேட்டுக்குப் பின்னாலிருந்து பாத்திமுத்து எட்டிப் பார்த்து, "என்ன மிஸ், யார் வீட்ல விசேஷம்?" என்றாள்.

"எங்க வீட்லதான்!" என்றாள் அமலோற்பவம்.